தட்டினால் விட்டுவிட வேண்டும்

ஞாயிறு, காலை

அன்புள்ள சிட்டுவுக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நான் நலம். உன் வீட்டுக்காரன் நலமா என்பதை அவன் இடுப்பைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பதறாதே, சண்டை எதுவும் இல்லை. காரணம் கீழே வருகிறது.

நீ கிளம்பிய அன்று விமான நிலையத்தில் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னது நினைவிருக்கிறது. "அண்ணி, அவரு போன்ல எல்லாம் நல்லபடியாத்தான் சொல்லுவாரு. நீங்கதான் எனக்கு உள்ளதை உள்ளபடி எழுதணும். வருஷக் கடைசியில அவரை அங்க கூப்பிட்டுக்க, ஆஸ்பத்திரிக் குடும்பக் குவார்ட்டர்ஸுக்கு நான் கையெழுத்துப் போடணும். இங்க கை நீட்டறவரு அங்கயும் நீட்டுவாரு. அங்க நீட்டினா ரெண்டு பேரையும் சேத்துத் திருப்பி அனுப்பிடுவாங்க. என் வேலையும் போயிடும்" என்றாய். சற்றுத் தள்ளி, வலது கையில் மாவுக்கட்டோடு உன் பெட்டிக்குக் காவல் நின்றான் என் தம்பி. பெட்ரோல் பங்க்கில் வரிசை தாண்டி வந்த ஆளின் தாடையில் குத்தினான் அல்லவா? தாடைக்கு ஒன்றும் ஆகவில்லை, இவன் விரல் எலும்புதான் முறிந்தது. அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போனில் பேசலாம் என்றால் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, நான் எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று கண்ணாலேயே ஜாடை காட்டுகிறான். ஆகவே கடிதம்.

செய்தி இதுதான்: உன் கணவன் ஜூடோ வகுப்பில் சேர்ந்திருக்கிறான்.

நீ தலையில் கை வைத்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. நானும் வைத்துக்கொண்டேன்.

நடந்தது இப்படி. மாவுக்கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியதும், ஃபர்னிச்சர் கடையிலிருந்து ஓர் இரும்பு அலமாரியை வேனில் ஏற்றிக்கொண்டு, டயர் கடைக்கு மேலே இருக்கும் கூடத்துக்கு இறக்கப் போயிருக்கிறான். அங்கே கெட்டியான வெள்ளை உடை போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் விரித்த ரப்பர் மேட்டில் உருண்டுகொண்டிருந்திருக்கிறார்கள். இவன் சும்மா வருவானா? மாஸ்டராக இருந்து சொல்லிக்கொடுக்கும் பெண்ணிடம் போய், "இதெல்லாம் ரோட்டுல வேலைக்கு ஆகுமா தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறான். முப்பது வயதுகூட ஆகாத ஒல்லியான பெண். பகலில் கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கொடுக்கிறாள். "வாங்கண்ணே, பாத்துடலாம்" என்றாளாம். அடிபட்டுவிடப் போகிறதே என்று இவன் பதமாகத்தான் பிடித்தானாம். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அவனால் இன்றுவரை விளக்க முடியவில்லை. "அக்கா, மேல ஃபேன் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஃபேனுக்குப் பின்னாடி ஒரு பல்லி. அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன்" என்கிறான். அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டான்.

இத்தனை நாள் எப்படி அடிப்பது என்று தெரியாமலே இவ்வளவு வம்பு செய்தவனுக்கு, அதையும் முறையாகக் கற்றுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "மனசு அடங்கும்னு மாஸ்டர் சொல்றாங்க" என்றான். எல்லா வகுப்பின் விளம்பரத்திலும் அதைத்தான் போடுகிறார்கள். பல வருடம் பயின்றவர்கள் சாதுவாக இருக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கட்டும். முரடர்களெல்லாம் இரண்டாம் மாதமே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள், சாதுக்கள் மட்டும் தங்கியிருப்பார்கள். வடிகட்டியில் நின்றதைப் பார்த்து வடிகட்டிதான் அதைத் தயாரித்தது என்று சொல்ல முடியுமா? இதை என் மாணவர்களுக்கு விளக்குவதுபோல நிதானமாகத்தான் விளக்கினேன். "உனக்கு எதுலதான்க்கா நம்பிக்கை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு இடுப்புக்குத் தைலம் தேய்க்கப் போய்விட்டான்.

நானே போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். விடைத்தாள் கட்டோடு போய், ஓரமாக உட்கார்ந்து திருத்திக்கொண்டே கண்காணிக்கலாம் என்பது திட்டம். அந்த மாஸ்டர் சம்மதிக்கவில்லை. வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் விழுகிறவருக்கு வெட்கம் வருமாம், வெட்கம் வந்தால் கையை ஊன்றுவாராம், ஊன்றினால் கை முறியுமாம். ஆகவே கூடத்துக்குள் இருப்பவர் எவரும் உடை மாட்டி மேட்டில் ஏறியாக வேண்டும். காரணத்தில் குறை காண முடியவில்லை.

அடுத்த வகுப்பிலிருந்து நானும் அந்த வரிசையில் நிற்கப் போகிறேன். கண்காணிப்புக்காக மட்டும். இதை யாரிடமும் சொல்லாதே.

நைட் ட்யூட்டியில் சாப்பிடாமல் இருந்துவிடாதே.

உன் நலனில் அக்கறையுள்ள,
அண்ணி

-

சனி, மதியம்

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் வெள்ளை உடையில் நிற்கும் படம் கேட்டிருக்கிறாய். கிடைக்காது.

வார்டில் நின்றே கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். இறுக்கமான காலுறை போட்டுக்கொள் என்று நர்ஸுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் போட்டுக்கொள்.

இந்த ஒரு மாதமாக நாங்கள் கற்றது விழுவது மட்டுமே. பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருண்டு விழுவது. தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொள்ள வேண்டும்; கையை ஊன்றாமல் மேட்டில் ஓங்கி அறைய வேண்டும். ஐம்பதைத் தொடப்போகும் வயதில் இதற்குப் பாடம் கேட்கிறேன். நன்றாக விழுகிறேன் என்று மாஸ்டர் சொன்னார். அந்தப் பெண்ணை வெளியில் பார்த்தால் 'வாம்மா போம்மா' என்றுதான் பேச வருகிறது. மேட்டில் ஏறியதும் தானாக மரியாதை வந்துவிடுகிறது. கல்லூரியில் யாரும் என்னை எதற்கும் பாராட்டி வெகு நாளாகிறது. வீட்டுக்கு வந்து இதை உன் கணவனிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. மூன்றாம் முறை "கேட்டேன்க்கா" என்றான்.

இன்னொரு விதி இருக்கிறது. எதிராளி பிடித்து அழுத்தும்போது தாங்க முடியவில்லை என்றால், அவர் உடம்பிலோ மேட்டிலோ இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டிய அந்த நொடியே அவர் விட்டுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்பதோ, ஏன் என்று கேட்பதோ கிடையாது. "தட்டினா விடணும். இது கைக்கே பழகணும், யோசிச்சு விடறதுன்னா லேட்டாயிடும்" என்பார் மாஸ்டர். இதற்காகவே வகுப்புதோறும் பத்து நிமிடம் பயிற்சி. ஒருவர் பிடிப்பார், மற்றவர் தட்டுவார், இவர் விடுவார். முடிந்ததும் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் குனிந்து வணக்கம்.

உன் ஆளுக்கு இது மட்டும் வரவில்லை. எங்களோடு ஒரு பல் டாக்டரம்மா வருகிறார். என்னைவிட மூத்தவர், என் தோள் உயரம்தான் இருப்பார். அவர் இவனைக் கவிழ்த்து மேலே படுத்துவிட்டால் இவனால் அசைய முடியாது. அசையவும் முடியாமல், தட்டவும் மனம் வராமல், முகம் சிவந்து கறுத்து நீலமாகிற வரை கிடப்பான். ஒரு நாள் அவரே விட்டுவிட்டு, "தம்பி, மூச்சு வருதா? கடவாப்பல் புடுங்கறப்போகூட இவ்ளோ அடம் புடிச்சவங்களை நான் பாத்ததில்ல" என்றார். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். நான் அதைக் குறித்துக்கொண்டேன். முன்பெல்லாம் அவனைப் பார்த்து யாராவது சிரித்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும்.

போன வாரம் தட்டினான். அந்த அம்மாவின் முதுகில், மெதுவாக, கதவு தட்டுவதுபோல. வீடு வரும்வரை எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தான். கோபமோ என்று நினைத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "ஒண்ணுமே ஆகலைல்லக்கா. தட்டினேன், விட்டுட்டாங்க. அவ்ளோதான்" என்றான், யாரோ அவனை இத்தனை காலம் ஏமாற்றியிருந்தது போல.

இனி நீ முக்கியமாகக் கேட்ட விஷயம். செவ்வாய்க்கிழமை வேனில் அவனோடு போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் ஒரு கார் உரசி, வேனின் பக்கக் கண்ணாடி தெறித்துவிட்டது. இவன் இறங்கினான். நான் வழக்கம்போல அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடிப்பதற்காகக் கதவில் கை வைத்துவிட்டேன். கார்க்காரர்தான் எகிறினார்: "கண்ணு பிடரியிலயா இருக்கு? வந்துட்டானுங்க வண்டி ஓட்ட!" இவன் அந்த ஆளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பீரோ மாடிப்படியில் ஏறுமா என்று அளந்து பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு, "சரிண்ணே, பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க, ஓரமா போய்ப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஏனடா என்று கேட்டேன். "அவரு நின்ன நிப்பைப் பாத்தியா? மொத்த வெயிட்டும் ஒத்தைக் கால்ல. தோள்ல விரல் வெச்சாப் போதும், விழுந்துடுவாரு. விழத் தெரியாது. பின்னந்தலை தரையில அடிக்கும். இங்க மேட்டா இருக்கு? தார் ரோடு" என்றான். சற்றுப் போனபின், "முன்னாடி இதெல்லாம் கண்ணுல படாதுக்கா. மூஞ்சி மட்டும்தான் தெரியும்" என்றான்.

ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன். அன்று அவனுக்குக் கழுத்துப் பிடித்திருந்தது. திரும்பிப் பார்க்கவே சிரமப்பட்டான். அமைதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

-

வெள்ளி, மாலை

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் வார்டு மேட்ரன் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று படித்து மகிழ்ந்தேன். அவள் வராமலே இருந்தால் இன்னும் மகிழ்வேன்.

தம்பியைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். மூன்று மாதத்தில் மூன்று சந்தர்ப்பம் வந்தது, மூன்றிலும் கை கீழேயே இருந்தது. ஒருமுறை கடை முதலாளியின் மச்சான் இவனை 'தடிமாடு' என்றிருக்கிறான். இவன், "தடிமாடு இல்லேன்னா உன் கட்டிலை யாரு மாடிக்கு ஏத்தறது" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். கடையில் எல்லோரும் ஆச்சரியப்பட்டு அவனுக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்களாம்.

இதைப் பற்றி நான் படித்துப் பார்த்த ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அவனுக்குச் சண்டை வேண்டியிருந்ததா என்பதே சந்தேகம். தன் பலம் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவனுக்குத் தெருவைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லை. இப்போது வாரம் இருமுறை ஒரு பல் டாக்டர் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். தெருவில் போய்க் கேட்க அவனுக்கு எதுவும் மிச்சமில்லை.

என்னிடம் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டிருந்தாய். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தோள்வலி போய்விட்டது. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. கல்லூரியில் என் அறையைக் காலி செய்து ஜெராக்ஸ் மெஷின் வைக்கப் போவதாகத் துறைத் தலைவர் சொன்னார். முடியாது என்றேன். மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். திரும்பத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஸ்ஸில் ஒரு ஆள் முழங்கையால் இடித்துக்கொண்டே வந்தார். நான் ஒதுங்கவில்லை, அவர் ஒதுங்கினார். பிறகு அடுத்த நிறுத்தத்தில் இறங்கியும்விட்டார். மோட்டாரை ராத்திரியில் போடாதீர்கள் என்று வீட்டு ஓனரிடம் சொல்லப் போனவள், அவர் பேசி முடிக்கும்வரை அவர் நிற்கும் நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்த எடையும் குதிகாலில். பாவம், மனிதருக்கு அது தெரியாது.

உன் கணவன் நேற்று, "அக்கா, நீ கொஞ்சம் அடக்கி வாசி" என்றான். யார் யாருக்குச் சொல்வது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என்னைப் பொறுத்தவரை நீ குவார்ட்டர்ஸுக்குக் கையெழுத்துப் போடலாம். ஆனாலும் இன்னும் ஒரு மாதம் பொறு. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டு, பிறகு தவறாகப் போனால் உனக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அண்ணி

-

திங்கள், மாலை

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கும் உன் சித்தி மகன் உனக்குப் போன் செய்து சொன்னதாகக் கேள்விப்பட்டேன். "நடுரோட்ல மச்சான் மறுபடி சண்டை போட்டாரு, சட்டையெல்லாம் கிழிஞ்சு நிக்கறாரு, கூட்டம் கூடிடுச்சு" என்று சொன்னானாம். அன்றிலிருந்து நீ தம்பியின் போனை எடுப்பதில்லை. எடுத்த ஒரே முறை, "உண்மையா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாய், அவன் வாயைத் திறக்கவில்லை, நீ வைத்துவிட்டாய். இதை நான் அவனிடமிருந்து பிடுங்கித் தெரிந்துகொள்ள நான்கு நாள் ஆயிற்று.

சண்டை நடந்தது உண்மை. சட்டை கிழிந்ததும் உண்மை. சண்டை போட்டவள் நான்.

மறுபடி படிக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை கல்லூரி முடிந்து வரும்போது, தம்பி கடைத்தெருவில் ஒரு வீட்டுக்குச் சோபா இறக்கிக்கொண்டிருந்தான். வகுப்புக்குச் சேர்ந்து போகலாம் என்று வேனில் உட்கார்ந்திருந்தேன். சோபா ப்ளாஸ்டிக் உறை பிரிக்காமல் தெருவோரம் நின்றது. பின்னால் பைக்கில் ஒருவர் வந்து ஹாரன் அடித்தார். தம்பி, "ஒரு நிமிஷம்ண்ணே, இதோ எடுத்துடறேன்" என்றான். ஒரு நிமிடம் பொறுக்கிற ஆளாக அவர் இல்லை. இறங்கி வந்தார். "ரோடு என்ன உங்கப்பன் போட்டதா?" என்றார். தம்பி, "தப்புதாண்ணே" என்றான். நான் என் காதால் கேட்டேன், சிட்டு. என் தம்பி தன் வாயால் சொன்னான். அதற்கும் அந்த மனிதர் அடங்காமல் அவன் சட்டைப் பையைப் பிடித்து இழுத்தார். பை கிழிந்து தொங்கியது. நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். இவன் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான்.

அவன் கை தொங்கியதைப் பார்த்ததுதான் தெரியும். வேனிலிருந்து எப்போது இறங்கினேன் என்று நினைவில்லை. ஒரு கையில் அவர் காலர், மறு கையில் அவர் முழங்கைச் சட்டை; என் கால் அவர் காலுக்குப் பின்னால் போனது. எனக்குத் தெரிந்த ஒரே வீச்சு அதுதான். வகுப்பில் அது ஒருநாளும் இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அவருடைய நல்ல காலம், என்னுடையதும்கூட, பின்னால் சோபா இருந்தது. அதன் மேல் போய் விழுந்தார். ப்ளாஸ்டிக் உறை போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். கற்றுக் கொடுத்தபடி நானும் கூடவே போய் நெஞ்சின் மேல் படுத்து அழுத்திக்கொண்டேன். கல்லூரிக்குப் போட்டுப்போன உடையில், மூக்குக் கண்ணாடியோடு, கைப்பை தோளில் தொங்க.

என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஆள் திமிறத் திமிற இன்னும் பிடித்திருந்தது. இவ்வளவு காலம் உன் கணவனை உட்கார வைத்து நான் செய்த உபதேசங்கள் எத்தனை! கை நீட்டாதது என் குணம் என்றே நினைத்திருந்தேன். நீட்டினால் தோற்றுவிடுவேன் என்ற பயத்தைத்தான் குணம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பயம் போனதும் உள்ளே என்ன இருந்தது என்று அன்று எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த மனிதரின் ஒரு கை வெளியே இருந்தது. காற்றில் அலைந்துகொண்டிருந்தது. முகம் சிவந்துகொண்டே வந்தது. அவர் ஏன் தட்டவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. தட்டினால் விட்டிருப்பேன். அவருக்கு அது தெரியாது என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை.

அப்போது என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது. மெதுவாக, கதவு தட்டுவதுபோல.

என் கைகள் திறந்துகொண்டன. நான் திறக்கவில்லை, அவையே திறந்தன. கைக்குப் பழக வேண்டும் என்று மாஸ்டர் சொன்னது இதைத்தான். அந்த மனிதருக்காகத் தட்டியவன் என் தம்பி. அவன் என்னைப் பிடித்து இழுக்கவில்லை, கத்தவில்லை, 'அக்கா' என்றுகூடக் கூப்பிடவில்லை. தட்டினான், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. எழுந்து நின்றதும் பழக்கத்தில் அந்த மனிதருக்குக் குனிந்து வணக்கம் சொன்னேன். அவரும் என்ன ஏதென்று தெரியாமல் சோபாவிலிருந்து எழுந்து எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தம்பி அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, முதுகைத் தடவி, பின்னந்தலையில் அடி இருக்கிறதா என்று விரலால் பார்த்தான். "யாருங்க இந்தம்மா?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. "எங்கக்காங்க. காலேஜ்ல புள்ளியியல் நடத்தறாங்க" என்றான் இவன். அவர் சோடாவை முழுதும் குடித்துவிட்டு, "எங்க வீட்டுப் பையனுக்கும் அதுல மார்க் கம்மிதான்" என்று சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பினார். உன் சித்தி மகன் கடையை விட்டு எட்டிப் பார்த்தது இந்த நேரத்தில்தான். கிழிந்த சட்டை தெரிந்திருக்கிறது, நான் தெரியவில்லை. என்னை யாரும் அப்படி ஓர் இடத்தில் எதிர்பார்ப்பதில்லை.

மறுநாள் என் வகுப்பில் ஒருவர் விடாமல் வந்திருந்தார்கள். ஒரு பயல்கூட வாய் திறக்கவில்லை. மாஸ்டருக்கும் செய்தி போய்விட்டது. கோபப்படவில்லை. "அக்கா, இன்னும் ரெண்டு மாசத்துக்கு நீங்க யாரையும் புடிக்க வேணாம். விழுங்க, போதும்" என்றார். விழுந்துகொண்டிருக்கிறேன்.

ஆக, உனக்கு உள்ளதை உள்ளபடி எழுதும் கடமையில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முன்பும் ஒரு சண்டைக்காரர் இருந்தார், இப்போதும் ஒருவர் இருக்கிறார். சராசரியில் மாற்றமில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது. குவார்ட்டர்ஸுக்கு நீ கூப்பிடப் போவது அந்த ஆளை அல்ல.

நீ போனில் கேட்டபோது, நான் இல்லை, அக்காதான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்னைப் பத்தி அவ பெருமையா நினைச்சிட்டிருக்காக்கா. அது இருந்துட்டுப் போகட்டும்" என்றான். இந்த நான்கு மாதமும் அவன் எதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருந்தானோ, உன்னிடம் வந்து சேரும் அந்த வாய்ப்பையே என் மானத்துக்காக விட்டுக்கொடுக்கத் துணிந்திருக்கிறான். தைலப் புட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வெள்ளை உடையைப் பெட்டியில் எடுத்துப்போக விடுவார்களா, அங்கே அக்கம்பக்கத்தில் வகுப்பு இருக்கிறதா என்று உன்னிடம் கேட்க நினைத்திருந்தான். இப்போது கேட்கவில்லை. நீ விசாரித்து வை. நான் இங்கே சமாளித்துக்கொள்வேன். வகுப்பில் எனக்கு ஜோடியாக வர அந்தப் பல் டாக்டரம்மா சம்மதித்திருக்கிறார். வீட்டில் முதுகுக்குத் தைலம் தேய்க்கத்தான் என் கை எட்டாது. அது ஒரு பெரிய விஷயமில்லை.

தினம் மாலை அவன் உனக்குப் போன் போட்டுவிட்டு, மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வைக்கிறான். மறுநாளும் நிற்கிறான். அவனுக்கு வாயால் கேட்க வராது, சிட்டு; அது உனக்கே தெரியும். அவன் தட்டுகிறான்.

எங்கள் விதி இப்போது உனக்கும் தெரியும். இன்று மாலை மணி அடித்தால் எடு.

நீங்கள் இருவரும் ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடு,
உன் அண்ணி